இரண்டு விடைத்தாள்களில் ஒரே பிழை

பி.காம். இரண்டாம் ஆண்டு வணிகப் புள்ளியியல் தேர்வில் வந்த அரிசி மூட்டைக் கணக்கை இன்றைக்கும் என்னால் பார்க்காமல் சொல்ல முடியும். ஓர் ஆலை தன் மூட்டைகளின் சராசரி எடை இருபத்தைந்து கிலோ என்கிறது. கடைக்காரர்கள் எடை குறைகிறது என்கிறார்கள். எல்லா மூட்டைகளையும் நிறுக்க முடியாது என்பதால் சாம்பிளாக முப்பத்தாறு மூட்டைகளை எடுத்து நிறுத்திருக்கிறார்கள். சராசரி 24.7 கிலோ, திட்ட விலக்கம் ஒரு கிலோ. இந்தக் குறைவு தற்செயலாக வந்ததா, உண்மையிலேயே மூட்டைகள் எடை குறைந்தவையா? ஐந்து சதவீத அளவில் சோதித்துச் சொல்ல வேண்டும்.

ஆலை சொல்வது உண்மை என்ற கருதுகோளோடுதான் தொடங்க வேண்டும். அதை மறுக்கிற அளவுக்கு சாம்பிள் பேசினால் மட்டுமே மறுக்கலாம். கணக்கிட்டால் 1.8 வரும். கடைக்காரர்களின் புகார் 'குறைகிறது' என்று ஒரு பக்கம் மட்டுமே இருப்பதால் அதை 1.645 என்ற அட்டவணை மதிப்போடு ஒப்பிட வேண்டும். தாண்டிவிட்டது, ஆலை சொன்னது நிற்காது. நானோ இரண்டு பக்கமும் பார்க்கிற சோதனைக்கு உரிய 1.96-ஐப் போட்டேன். 1.8 அதைத் தாண்டவில்லை. ஆலை தப்பித்துவிட்டது. கடைசி வரியாக, "ஆகவே ஆலையின் கூற்றை மறுக்கத் தக்க முகாந்திரம் ஏதும் இல்லை" என்று எழுதி, கீழே கோடு போட்டேன்.

எனக்குப் பக்கத்து பெஞ்சில் எழுதியவள் லால்குடியிலிருந்து பஸ்ஸில் வரும் பெண். பெயர் வரிசைப்படி உட்கார வைத்ததால் வந்த பக்கம்தான், மற்றபடி எங்களுக்குள் பெரிய பழக்கமில்லை. அவளும் 1.96 போட்டிருந்தாள். அவளும் அதே கடைசி வரியை, அதே முகாந்திரத்தோடு எழுதியிருந்தாள்.

புள்ளியியல் எடுத்த மேடம் எங்கள் இருவரையும் துறை அறைக்குக் கூப்பிட்டார். மற்ற ஆசிரியர்களும் மேஜைகளில் இருந்தார்கள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "யாரு யாரைப் பாத்து எழுதினீங்க?" என்று கேட்டார்.

"பாக்கல மேடம்," என்றோம்.

"தப்பு ஒண்ணா வர்றது தற்செயல்னு வெச்சுக்குவோம். இந்த வரி? நான் கிளாஸ்ல சொல்லல. புத்தகத்துல இல்ல. 'போதிய சான்று இல்லை'ன்னுதான் இருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே வார்த்தை எப்படிம்மா தோணும்?"

அவர் கத்தவில்லை. கணக்குப் போடுகிற குரலில்தான் கேட்டார். அந்த வார்த்தை எங்கிருந்து என்னிடம் வந்தது என்பதே எனக்கு அப்போது உறைக்கவில்லை, அது என் வார்த்தையாகிவிட்டிருந்தது. காது மடல் சூடாகி, அங்கிருந்த யாரையும் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன். அப்படித் தரையைப் பார்ப்பதே குற்றவாளி நிற்கும் விதம் என்று புரிந்தும் தலையைத் தூக்க முடியவில்லை.

"நாளைக்கு வீட்லேர்ந்து யாரையாவது கூட்டிட்டு வாங்க," என்றார் மேடம்.

அப்பாவுக்கு ரயில்வே பணிமனையில் காலை ஷிஃப்ட். அம்மாதான் வந்தாள். ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வரும் பஸ்ஸில், கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கும் அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன நடந்தது என்று முந்தைய நாள் சாயங்காலமே சொல்லியிருந்தேன். "சரி, வரேன்," என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை. அவள் என்னை நம்புவதால்தான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

துறை அறையில் மேடம் பேசத் தொடங்கியபோதே அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். மேடம் தாள்களைத் திருப்பிக் காட்ட முயன்றார். அம்மா அவற்றைப் பார்க்கவே இல்லை.

"மன்னிச்சிடுங்க மேடம். சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிட்டா. இனிமே பண்ண மாட்டா. நான் பொறுப்பு," என்று சொல்லிக் கையைக் கூப்பினாள்.

நான் பார்த்து எழுதவில்லை என்று கத்தியிருக்கலாம். ஆனால் அம்மா கைகூப்பி நிற்கும்போது அது அவளையும் பொய்யாக்கிவிடும் போலிருந்தது. புடவையின் சரிகை டியூப் லைட்டில் மினுங்கியது. மூலையில் ஒரு சார் பேனாவை மூடிவிட்டு எங்களையே பார்த்தார். என் மேல் விழுந்த பழியை விட, அம்மா அந்தப் புடவையில் அப்படி நின்றதுதான் எனக்குக் கூசியது. அப்படிக் கூசுகிறதே என்பது அதற்கும் மேலே ஒரு வெட்கமாக இருந்தது.

லால்குடிப் பெண்ணின் மாமா வந்து அவரும் மன்னிப்புக் கேட்டுப் போனார். அந்தக் கேள்விக்கு இருவருக்கும் பூஜ்யம். வேண்டுமானால் வேறு கணக்கை எழுதலாம் என்று மேடம் சலுகை கொடுத்தார்.

என்னை ஆய்வகத்திலும் அவளை மாடி வகுப்பிலும் உட்கார வைத்தார்கள். இந்த முறை டார்ச் லைட் பேட்டரி. நாற்பது மணி நேரம் எரியும் என்கிறது கம்பெனி, அவ்வளவு எரிவதில்லை என்கிறார்கள் வாங்கியவர்கள். 1.96 போட்டதுதான் தப்பு என்று யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை, நான் மறுபடியும் 1.96 போட்டேன். அவளும் மாடியில் 1.96 போட்டாள். கைப் பழக்கத்தில் நான் முகாந்திரம் இல்லை என்று முடித்தேன். அவளும் அப்படியே முடித்தாள்.

மேடம் இரண்டையும் படித்துவிட்டு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பிறகு, "இந்த வரியை உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார். முதல் தடவையே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. புத்தூரில் டியூஷன் எடுக்கும் சார் எந்தக் கணக்கு வந்தாலும் 1.96 போடச் சொல்வார். முகாந்திரம் அவர் வாயில் எந்நேரமும் இருக்கும் வார்த்தை. ஆனால் டியூஷன் போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பிளஸ் டூவில் கணக்குப்பதிவியலில் நூறு வாங்கியவள் நான், எனக்கு டியூஷனா என்ற கூச்சம். "புத்தூர்ல ஒரு சார் மேடம்," என்று மெதுவாகச் சொன்னேன்.

பக்கத்தில் நின்றவள் சட்டென்று திரும்பினாள். "நீயுமா? நான் ஞாயித்துக்கிழமை பேட்ச்!"

நான் வார நாள் சாயங்கால பேட்ச். ஒரே சாரிடம் படித்தும் ஒருவரையொருவர் அங்கே பார்த்ததே இல்லை.

மறுநாள் மேடம் வகுப்பில் எல்லார் முன்னாலும் சொன்னார். "ஒரே மூட்டைலேர்ந்து ரெண்டு பிடி அரிசி எடுத்துட்டு, ரெண்டும் எப்படி ஒண்ணா இருக்குன்னு கேட்டேன். இவங்க ரெண்டு பேரும் தனித்தனின்னு நானா நினைச்சுக்கிட்டது தப்பு. குற்றம் இல்லாதவங்கள குற்றவாளின்னு முடிவு பண்றதுக்கு முதல் வகைப் பிழைன்னு பேரு. அதை நான் பண்ணிட்டேன். ரெண்டு பேரும் என்னை மன்னிக்கணும்."

பெரிய மனசுதான். எத்தனை ஆசிரியர்கள் அப்படிச் சொல்வார்கள்? ஆனால் அதுவரை விஷயம் தெரியாதவர்களும் இப்போது திரும்பி எங்களைப் பார்த்தார்கள். நான் டியூஷன் போவதும் தெரிந்துவிட்டது. யாரோ கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் எப்போது ஓயும் என்று பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் சொன்னபோது அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அதான் சரியாயிடுச்சே. விடு," என்றாள்.

"நீ பாத்து எழுதினியான்னு ஏம்மா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

கத்தி நின்றது. "படிச்சவங்க சொன்னா சரியாத்தானே இருக்கும்னு நினைச்சேன். அந்தத் தாளைக் காட்டினாங்களே, எனக்கு ஒண்ணும் புரியல. புரியலன்னு சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு. சீக்கிரம் அங்கேர்ந்து வந்துட்டாப் போதும்னு ஆயிடுச்சு."

அவளும் என்னைப் போலத்தான் அங்கே கூசி நின்றிருக்கிறாள். நானோ அவளைப் பார்த்துக் கூசிக்கொண்டிருந்தேன்.

லால்குடிப் பெண்ணும் நானும் டியூஷனை விட்டோம். சத்திரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் நாங்களே கணக்குப் போட்டுப் பழகினோம். அந்தப் பாடத்தில் இருவரும் நல்ல மதிப்பெண் வாங்கினோம்.

பட்டமளிப்பு விழா அன்று கூட்டத்தில் மேடம் அம்மாவைத் தேடி வந்தார். "அன்னிக்கு உங்களை அப்படி வரவெச்சிருக்கக் கூடாதும்மா," என்றார்.

அம்மா பதறிப்போய் நாற்காலியிலிருந்து எழுந்தாள். "ஐயோ, அதெல்லாம் இல்லீங்க மேடம். தப்பு எங்க மேலதான்," என்றாள்.

மேடம் என்னைப் பார்த்தார். நான் ஷாமியானாவின் தூணைப் பார்த்தேன்.