ஒனோரியோ காட்டாத தவளை

ஸ்பெயினிலேயே பழைய பல்கலைக்கழகம் இருக்கிற எங்கள் சலமான்காவில் இந்த வருடம் அதிகமாகத் திட்டு வாங்கிய மனிதர் யார் என்று கேட்டால், ஒனோரியோவைத்தான் சொல்வேன். எண்பத்திரண்டு வயது. பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்தில் முப்பத்தாறு வருடம் வாயிற்காவலராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் காலை பத்து மணிக்கு வந்து முகப்புக்கு எதிரே நின்றுவிடுவார். அந்த முகப்புக் கல்லில் ராஜா, ராணி, பூ, கொடி, பூதம் என்று செதுக்காதது எதுவும் பாக்கியில்லை. அத்தனைக்கும் நடுவே ஒரு மண்டையோட்டின் மேல் குட்டித் தவளை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதைத் தானாகக் கண்டுபிடிக்கிற மாணவன் தேர்வில் தேறுவான். யாராவது காட்டிக்கொடுத்தால் போச்சு, அந்தப் பலன் கிடையாது. இது எங்கள் ஊர்க் கணக்கு.

சுற்றிப் பார்க்க வருகிற பிள்ளைகள் கழுத்து வலிக்க அண்ணாந்து தேடும். இவர் போய்க் கைத்தடியை நீட்டி, "அதோ, வலது பக்கத் தூணு. மூணு மண்டையோடு தெரியுதா? இடது ஓரத்துல இருக்கறதோட உச்சில பாரு" என்று கேட்காமலே காட்டிவிடுகிறார்.

"யோவ் பெரிசு, உன்ன யாரு கேட்டா?" என்று போன வாரம் ஒரு பையன் கத்தினான். எதிரே காப்பிக்கடை வைத்திருப்பவள் நான். விசி என்று பேர். வாய்க்கும் கைக்கும் அடக்கம் போதாது என்று என் புருஷனே சொல்லியிருக்கிறான். தட்டைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பயலின் காதைத் திருகப் போனேன். ஒனோரியோ கையைக் காட்டித் தடுத்தார்.

இத்தனைக்கும் இந்த வசந்தம் வரை அந்தத் தவளையை இவரைப் போலக் கட்டிக்காத்தவர் இந்த ஊரில் கிடையாது. எத்தனையோ பேர் கெஞ்சியிருக்கிறார்கள். ஒரு தாய் அழுதே பார்த்தாள். "உன் மகன் கண்ணு, உன் மகன் பரீட்சை. நான் நடுவுல வந்தா அவனுக்குத்தான் நஷ்டம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். கல்நெஞ்சம் இல்லை. அவர் அதை அப்படியே நம்பினார்.

பெற்ற மகன் எலாதியோ கேட்டபோதும் அதே பதில்தான். பையனுக்குப் பத்தொன்பது வயது, சட்டப் படிப்பு, முதல் தேர்வு. மூன்று நாள் முகப்பின் கீழே நின்று தேடினான். அப்பன் பத்தடி தள்ளிச் சாவிக்கொத்தோடு நின்றவர் வாயைத் திறக்கவில்லை. பையன் தேறவில்லை. அன்று மத்தியானம் என் கடையில் நாலு பேர் எதிரே, "கண்ணு இருந்தா பாத்திருப்பே, மூளை இருந்தா தேறியிருப்பே" என்று சொல்லிவிட்டார். கோபத்தில் வந்த வார்த்தை. எலாதியோ அப்பாவை ஒரு பார்வை பார்த்தான், கோப்பையை நகர்த்தி வைத்தான், போனான். பில்பாவோ பக்கம் கப்பல் பட்டறையில் வேலை என்று யாரோ சொன்னார்கள். முப்பது வருடம் ஒரு கடிதாசு இல்லை. தாய் தெல்ஃபீனா இறந்தபோது சொல்லி அனுப்ப முகவரிகூட இல்லை.

இந்த ஏப்ரலில் ஒரு பெண் வந்தாள். பதினெட்டு வயதிருக்கும், முதுகில் பை, பேர் இடோயா. வருகிற ஜூனில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதப் போகிறாளாம், ஊரைப் பார்க்க ஒரு நாள் வந்தாளாம். கதீட்ரல் தேவாலயத்துக்குப் போகவில்லை, பெரிய சதுக்கத்துக்குப் போகவில்லை. நேரே ஒனோரியோவிடம் வந்தாள்.

"ஐயா, தவளைய எனக்குக் காட்டுறீங்களா?"

"தேடும்மா. தானா கிடைக்கும்."

ஒரு மணி நேரம் தேடிவிட்டு மறுபடி வந்தாள். "கிடைக்கல ஐயா. நீங்களே காட்டுங்களேன்."

"அவசரப்படாதே. நல்லா பாரு."

மூன்றாவது முறை கேட்டபோது அவள் கண் கலங்கியிருந்தது. ஒனோரியோ முகத்தைத் திருப்பிக்கொண்டு என் கடைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார். "விசி, அந்தப் பொண்ணு எப்படியாவது பாஸ் பண்ணணும்னு மனசு கிடந்து அடிச்சுக்குது. அங்கயே நின்னா காட்டிடுவேன். அதான் வந்துட்டேன்" என்றார். காப்பியை அரைகுறையாகக் குடித்துவிட்டுப் பின்வழியாக வீட்டுக்குப் போனார்.

அந்தப் பெண் உள்ளே வந்தாள். ஒரு துண்டு உருளைக்கிழங்கு ஆம்லெட் வைத்தேன், காசு வேண்டாம் என்றேன். அவள் அதைத் தொடாமல், "அவர் யாருக்குமே காட்ட மாட்டாராம்மா?" என்று கேட்டாள்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "நல்லா கேட்டே போ. பெத்த பிள்ளைக்கே காட்டாத மனுஷன். உனக்கா காட்டப் போறாரு?" என்று சொல்லிச் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "ரெண்டு மணிக்கு பஸ். தாத்தாகிட்ட நான் போயிட்டு வர்றேன்னு சொல்லுங்க" என்றாள். எங்கள் ஊரில் எல்லாப் பிள்ளைகளும் கிழவர்களைத் தாத்தா என்றுதான் சொல்லும். நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மூன்று வாரம் கழித்து அவளிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. "தவளைக்கு எதிர்க்கடை விசி அம்மாவுக்கு" என்று விலாசம் எழுதியிருந்தாள். உள்ளே இருந்தது இதுதான்:

"என் அப்பா பேர் எலாதியோ. ஆஸ்பத்திரியில் இருந்தார். தாத்தாவிடம் முதலில் நீ யார் என்று சொல்லாதே, தவளையைக் காட்டச் சொல்லிக் கேள் என்றார். அவர் காட்டினால், உங்கள் மகன் பார்க்க ஆசைப்படுகிறான் என்று சொல்லிக் கூட்டி வா. காட்டாவிட்டால் தொந்தரவு செய்யாமல் திரும்பி வந்துவிடு என்றார். நான் திரும்பி வந்தேன். காட்டினாரா என்று அப்பா கேட்டார். காட்டினார், என் கையைப் பிடித்துக் காட்டினார், ஆனால் வயதாகிவிட்டதால் பயணம் செய்ய முடியவில்லை என்று பொய் சொன்னேன். அப்பா ரொம்ப நேரம் அழுதார். பிறகு சாப்பிட்டார். வியாழக்கிழமை இறந்துபோனார். தாத்தாவிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்."

உறையின் மேல் அனுப்பியவர் விலாசம் இல்லை. மூன்று நாள் அதை மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். அன்று அந்தப் பெண்ணிடம் அப்படிப் பேசிச் சிரித்த என் நாக்கை அறுத்துப் போட்டிருக்கலாம். நாலாம் நாள் கடையைப் பாதியில் மூடி, அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"மூணு தடவ கேட்டா, விசி" என்றார். "மூணு தடவ." பிறகு, "பாஸ் பண்ணட்டும்னுதான்" என்று சொல்ல வந்தவர் முடிக்க முடியாமல் மேசையில் தலையைச் சாய்த்து அழுதார். நானும் அழுதேன், எனக்கென்ன வந்தது. நான் சொன்ன வார்த்தையையும் அன்றே ஒப்புக்கொண்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் பத்து மணிக்கு வழக்கம்போல வந்தார். முர்சியாவிலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பேருந்து வந்திருந்தது. நேரே போய்க் கைத்தடியைத் தூக்கினார்.

அன்றிலிருந்து இப்படித்தான். பையன்கள் ஏசுகிறார்கள். வழிகாட்டிகள் என்னிடம் வந்து புகார் சொல்கிறார்கள். பெண் பிள்ளைகளாக இருந்தால் மட்டும் காட்டி முடித்ததும் கொஞ்சம் நிறுத்தி, "ஊருக்குப் போனதும் உங்கப்பாகிட்ட சொல்லும்மா, தாத்தா காட்டினாருன்னு" என்கிறார். அதுகளும் சிரித்துக்கொண்டே சரி தாத்தா என்று சொல்லிவிட்டுப் போகின்றன.