அப்பாவுக்குத் தெரிந்த ரஷ்ய மொழி

எங்கள் அப்பாவுக்கு ரஷ்ய மொழி தண்ணீர்பட்ட பாடு என்று பள்ளிக்கூடத்தில் அளந்துவிட்டவள் நான்தான். கனடாவுக்கு வருகிற வழியில் ஏஜென்சிக்காரன் அவரை மொஸ்கோவில் விட்டுவிட்டு மாயமானதும், ஒரு வருஷத்துக்கு மேல் அவர் அங்கே கிடந்ததும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. கிடந்தவர் சும்மாவா கிடந்திருப்பார்? என் வாயில் அவர் மெல்ல மெல்ல அங்கே பட்டமே வாங்கிவிட்டார்.

அந்த வருஷம் அப்பா வேலை செய்த பக்டரியை மூடினார்கள். வெக்ஸ்போர்ட்டில் எங்கள் அப்பார்ட்மென்டில் சிரிப்புச் சத்தமே இல்லாமல் போனது. என்னுடன் படித்த ரஷ்யச் சிநேகிதியின் தகப்பன் பேக்கரி வைத்திருந்தார். பாஷை தெரிந்த ஆளென்றால் வரட்டும் என்று மகளிடம் சொல்லியனுப்பினார்.

"உங்களுக்கு உண்மையா அவையின்ர பாஷை வருமோ?" என்று அம்மா கேட்டார்.

"ஓம், அவங்கள் கேக்கிறதுக்குப் பதில் சொல்ல வரும்" என்று சொல்லிவிட்டு, கலியாண வீட்டுச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு அப்பா வெளிக்கிட்டார். கூடப் போன எனக்குத் தலைகால் புரியவில்லை.

பேக்கரிக்காரர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ரஷ்ய மொழியில் ஏதோ கேட்டார். அப்பா சட்டென்று நிமிர்ந்தார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தி, "நச்சால்னிக்" என்று தொடங்கினார். வசனத்துக்கு ஒரு நச்சால்னிக். 'ஐயா' என்பதுபோல அது மரியாதைச் சொல் என்றுதான் அவர் நம்பியிருந்தார்.

அங்கே நின்ற சிநேகிதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உன் அப்பா ஜெயிலில் இருந்தவரா? படத்தில் கைதிகள்தான் காவலாளியை அப்படிக் கூப்பிடுவார்கள்" என்று என் காதுக்குள் ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பாண் அடுக்கியிருந்த தட்டுகளுக்குப் பின்னால் போய், அவர் யாரோ நான் யாரோ என்று நின்றுகொண்டேன்.

பேக்கரிக்காரர் சிரிக்கவில்லை. மகளை ஒரு பார்வையில் அடக்கிவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு அப்பாவை இருக்கச் சொன்னார். அப்பா அசையவில்லை. பேக்கரிக்காரர் இன்னொரு சொல்லையும் சேர்த்து மெதுவாகத் திரும்பச் சொன்னார். அதன் பிறகுதான் அப்பா கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

வேலை கிடைத்தது. பஸ்ஸில் நான் அவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

"பிள்ளை, அந்த மனுசன் இருக்கச் சொல்லேக்க 'பஜால்ஸ்தா' எண்டும் ஒரு சொல்லுச் சொன்னவர். எனக்கு அது பிடிபடேல்லை. என்ன கருத்தெண்டு உன்ர சிநேகிதியிட்டைக் கேட்டுப் பார்."

கேட்கத் தேவையில்லை. அவள் வீட்டில் உப்பை எடுத்துத் தரச் சொன்னால்கூட அதைச் சேர்த்துத்தான் சொல்லுவார்கள். 'தயவுசெய்து' என்று அர்த்தம். சின்னக் குழந்தைக்கும் தெரிந்த அந்தச் சொல்கூடத் தெரியாதவரையா ஊரெல்லாம் புளுகித் திரிந்தேன் என்று எனக்கு அழுகை முட்டியது. தெரியாது என்று சொல்லிவிட்டேன். மறியலுக்குள், ஜெயில் காவலாளிகளிடம் பாஷை படித்த மனிதருக்கு அந்தச் சொல்லை யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசிக்க எனக்கு அப்போது தெரியவில்லை.