கடைசிச் சுருள்

தொண்ணூறுகளில் ரொறொன்ரோவில் ஒரு ஸ்பானியத் தியேட்டரை ஞாயிறுகளில் வாடகைக்கு எடுத்துத் தமிழ்ப் படம் காட்டினேன். பேராசையில் ஒரே படப்பிரதியைப் பக்கத்து நகரான அஜக்ஸிலும் ஓட்டினேன். அங்கே ஓடி முடிந்த படச்சுருள்களை நண்பர் காரில் கொண்டுவருவார்.

ஒருநாள் இடைவேளை முடிந்தும் கார் வரவில்லை. "மிச்சப் படப்பெட்டி எயார்போட்டில நிண்டிட்டுது" என்று சனத்திடம் பொய் சொன்னேன். கதிரைகளைத் தட்டத் தொடங்கினார்கள். கதிரை உடைந்தால் இனித் தியேட்டர் இல்லை என்று அதன் ஸ்பானிய முதலாளி முன்பே எச்சரித்திருந்தார். அவரே ஓடிப்போய் தன் ஸ்பானியப் படத்தின் கடைசிச் சுருளைப் போட்டார்.

திரையில் ஒரு பெண் காதலனைத் திட்டினாள். முன்வரிசை அன்ரி ஒருவர் அவளுக்குத் தமிழில் குரல் கொடுத்தார்: "சீதனம் கேக்க வெக்கமில்லையோ?"

பின்வரிசையிலிருந்து காதலனின் பதில் வந்தது: "ஒரு கார் மட்டும் தாங்கோ, காணும்!"

தியேட்டரே சிரித்து உருண்டது. நடுவில் நண்பர் சுருளோடு வந்துவிட்டார். நான் அறிவித்ததும், "பொறுங்கோ அண்ணை, உவள் அவனைக் கட்டுறாளோ எண்டு பாப்பம்!" என்று கத்தினார்கள்.

கட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். முதலாளி கண் கலங்க என் கையைப் பிடித்து, தன் படத்தை இப்படி ரசித்ததற்கு நன்றி சொல்லி, தியேட்டர் என்றும் எங்களுக்குத்தான் என்றார். அஜக்ஸ் போய்ப் பிந்திய சுருளின் கதையைச் சொல்லாமல் அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன்.