ஏழாவது இன்னிங்ஸில் எழுந்து ஓடினேன்

2004ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதக் கடைசி. கனடாவில் எங்கள் மொன்றியல் நகரத்தின் பேஸ்போல் அணி வேறு நகரத்துக்கே மாறிப் போகிறது, ஒலிம்பிக் மைதானத்தில் இதுதான் கடைசி ஆட்டம் என்று செய்திகளில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். போயே ஆகவேண்டும் என்று என் பதினொரு வயது மகள் ஒற்றைக் காலில் நின்றாள். எனக்கோ கூட்டமென்றாலே பயம். “பிள்ளையின்ர கையை விட்டிடாதேங்கோ” என்று மனைவி வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினார்.

செயின்ட்-மிஷேல் நிலையத்தில் மெற்றோ ரயில் ஏறியதுமே மகள் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டாள். “எழுபத்தாறாம் ஆண்டு ஒலிம்பிக்குக்குக் கட்டின மைதானம் அப்பா. அடுத்த வருசமே பேஸ்போல் வந்திட்டுது. மைதானத்துக்கு மேல சாய்ஞ்சு நிக்கிற கோபுரம்தான் பத்து வருசம் பிந்தி முடிஞ்சது. ஒருக்கா பனி கூடிக் கூரையும் கிழிஞ்சது.”

“இப்ப தைச்சிட்டினமோ?” என்று கேட்டேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

உள்ளே நுழைந்ததும் நானே வாயைப் பிளந்தேன். கோப்பை போல வளைந்த அந்தக் கட்டடம் முழுவதும் மனிதத் தலைகள். முழக்கம் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. கிரிக்கெற் பார்த்து வளர்ந்த எனக்கு ஆட்டம் பாதிதான் புரிந்தது. ஆனாலும் மற்றவர்கள் கத்தும்போது நானும் கத்தினேன். ரிக்கெற் இரண்டையும் மகள் ஞாபகத்துக்கென்று தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பக்கத்து இருக்கையில் ஒரு பருத்த மனிதரும் அவர் மனைவியும் இருந்தார்கள். இந்த மைதானத்தில் பேஸ்போல் வந்த முதல் வருடத்திலிருந்து வருகிறாராம். மடியில் ஒரு பெரிய அட்டை. அதில் ‘எல்லாவற்றுக்கும் நன்றி’ என்று பிரெஞ்சில் அழகாக எழுதியிருந்தார். மைதானத்துப் பெருந்திரையில் ஆட்களைக் காட்டும் கமரா தன் பக்கம் வரும்போது தூக்கிப் பிடிக்கவேண்டும் என்று காத்திருந்தார்.

எங்கள் அணி படுதோல்வியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மகள் கழிவறைக்குப் போக எழுந்தாள். நானும் எழுந்தேன். “நீங்கள் இருங்கோ. நான் என்ன குழந்தையோ?” என்றுவிட்டுப் போனாள்.

அவள் போய்ச் சிறிது நேரத்தில் மைதானம் முழுவதும் ஒரேயடியாக எழுந்து நின்றது. பாடத் தொடங்கியது. ஆட்டம் முடிந்துவிட்டது, பிரியாவிடைப் பாட்டு என்று நினைத்தேன். இத்தனை ஆயிரம் பேரும் இப்போது வெளியே பாயப் போகிறார்கள், பிள்ளை நடுவில் அகப்படுவாள். இரண்டு பேருடைய கோட்டுகளையும் அள்ளிக்கொண்டு ஓடினேன்.

கழிவறை வாசலில் அவள் இல்லை. உள்ளே போகவும் முடியாது. வெளியே வந்த பெண்களிடம் கேட்டேன், அப்படி ஒரு பிள்ளை உள்ளே இல்லை என்றார்கள். திரும்பி இருக்கைக்குப் போகலாமென்றால் எந்தக் கதவால் வந்தேன் என்று தெரியவில்லை. வட்டமான நடைபாதை, எல்லாக் கதவுகளும் ஒரே மாதிரி. பாதுகாவலர் ஒருவர் எந்தப் பகுதி என்று கேட்டார். அந்த எண் இருந்த ரிக்கெற் மகளின் பைக்குள். அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே அந்த வட்டத்தில் ஓடினேன். மனைவியின் முகம்தான் கண்முன் வந்தது.

திடீரென்று உள்ளே பெரிய கைதட்டல். பக்கத்துக் கதவால் எட்டிப் பார்த்தேன். எதிரே பெருந்திரையில் என் மகள். அவள் அருகில் அந்தப் பருத்த மனிதர் அட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தார். ஆனால் அது அட்டையின் பின்பக்கம். கோணல் மாணலாகச் சிவப்பில், பிரெஞ்சில் ‘அப்பா’, அதன் கீழே பகுதி எண். வரிசையே எழுந்து அதை நோக்கிக் கைகாட்டிக்கொண்டிருந்தது.

பாதுகாவலரிடம் எண்ணைச் சொல்லி, அவர் காட்டிய பக்கம் ஓடினேன். மகளை இறுகக் கட்டிக்கொண்டேன்.

“ஏழாவது இன்னிங்ஸில எல்லாரும் எழும்பி நிண்டு பாடுவினம் அப்பா, அது வழக்கம். மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ், இன்னும் ரெண்டு கிடக்கு” என்றாள். வேறு படியால் ஏறி அவள் எனக்கு முன்பே இருக்கைக்கு வந்துவிட்டாள். என்னைத் தேடித் தனியே போகவிடாமல் அவளை நிறுத்திவைத்தவர் அந்த மனிதர். எழுதியது அவர் மனைவியின் உதட்டுச்சாயத்தால். அவர் என்னைக் காட்டி வேகமான பிரெஞ்சில் ஏதோ சொல்ல, மகள் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள்: “எங்கட அணியை விட அவசரமாய் உன்ர அப்பா வெளிக்கிட்டிட்டார் எண்டு சொல்லுறார்.”

அதன்பின் கமரா அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஆட்டம் முடிந்து வீரர்கள் கையசைத்தபோது, திரையில் வராத அந்த நன்றியை அவர் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார். சனம் மெற்றோவுக்கு முண்டியடித்துப் போனது. அவர் எழும்பும்வரை நானும் மகளும் எழும்பவில்லை.

இன்றும் அந்தச் சாய்ந்த கோபுரம் கண்ணில் படும்போது அந்த வட்டத்தில் கத்திக்கொண்டு ஓடியது ஞாபகம் வரும். கூடவே, தன் வாழ்நாள் அணிக்குச் சொல்ல வைத்திருந்த கடைசி வார்த்தையைத் திருப்பிப் பிடித்து என்னைத் தேடிய அந்த இரண்டு கைகளும் நினைவுக்கு வரும். கூட்டத்தைக் கண்டு முன்போல இப்போது நான் பயப்படுவதில்லை.