உயர்த்திய யூட்டும் உருண்ட தேசிக்காயும்

யூட் என்கிற தன் பிக்கப் வண்டிக்கு லிஃப்ட் கிட் பூட்டி உயர்த்துவதற்கு முன்பு என் கணவர் யோசிக்காதது எதுவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். டயர், பிரேக், காப்புறுதி, சட்டம் எவ்வளவு உயரம் விடும் என்பது வரை, சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சே கிடையாது. எனக்குக் காது புளித்துவிட்டது.

உயர்த்தும் வேலை முடிந்து யூட் எங்கள் கிரான்பர்ன் வீட்டுக்கு வந்த அன்று, புது வாகனத்துக்குச் செய்வதுபோல நான்கு சில்லுக்கும் அடியில் தேசிக்காய் வைத்தேன். அவற்றை நசித்துக்கொண்டு போனால் கண்ணூறு கழியும். அவர் ஏறி இருந்து யூட்டை ஸ்டார்ட் செய்தார். முன்சில்லடியில் வைத்த காய் ஒன்று சரிவில் உருண்டு யூட்டின் முன்னால் நடுவே வந்தது. அதை எடுக்கக் குந்தினேன்.

யூட் அசைந்தது.

என் முகத்துக்கு நேரே இரும்பு வந்தது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. எப்படியோ பக்கத்துப் புல்லில் போய் விழுந்தேன். அப்போதுதான் பிரேக் பிடித்தார்.

"அங்க என்ன செய்யிறீர்? நீர் உள்ளுக்குப் போயிட்டீர் எண்டெல்லோ நினைச்சனான்!"

கோபம்தான் என்னைத் தூக்கி நிறுத்தியது. எஞ்சினை நிறுத்தச் சொல்லி, திறப்பை வாங்கி, யூட்டின் முன்னால் நான் குந்தியதுபோலவே அவரைக் குந்தச் சொன்னேன். பிறகு தொற்றி ஏறி, அவர் இருக்கையில் இருந்து முன்னால் பார்த்தேன். தெரு வெறுமையாக, துப்புரவாகத் தெரிந்தது.

"இப்ப நான் தெரியிறனோ?" என்று கீழேயிருந்து அவருடைய குரல் மட்டும் வந்தது.