செல்லம்மாவின் வலக்கையும் ஒரு புரோமீலியட் செடியும்

முடியிலே நீரைத் தாங்கி, அடியவர் கண்ணில் நீரைத் துடைக்கும் பெருமானே, என் எழுத்துக்குத் துணை நில்.

இன்று தைப்பூசத் திருநாள். இலங்கையில் ஹட்டனுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) வீட்டிலிருந்து, வீட்டில் ஒருவருக்குக் கையோ காலோ விழுந்துவிட, கலங்கி நிற்கும் அன்பர்களுக்காக எழுதுகிறேன். மகிழ்ச்சி மிகுதியால் சொற்கள் முந்திக்கொண்டு வரும், பொறுத்தருள்க.

சென்ற ஆனி மாதத்து ஒரு காலையில் என் மனைவி செல்லம்மா தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தாள். அது அவள் விரல்களில் நிற்கவில்லை. "ஏங்க" என்றாள், அடுத்த சொல் குழறியது.

பக்கவாதம் (மூளைக்குச் செல்லும் இரத்தம் தடைப்பட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழத்தல்) என்றார் மருத்துவர். பன்னிரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கால் மெல்ல நடந்தது. பேச்சு ஒன்றிரண்டு சொல்லாகத் திரும்பியது. நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த வலக்கை மட்டும் மடியில் கிடந்தது.

உடற்பயிற்சிச் சிகிச்சை (மருந்தின்றி அசைவுகளால் உறுப்பைப் பழக்குதல்) அளித்த அம்மையார், தோட்டப் பள்ளியில் ஆசிரியனாயிருந்து ஓய்வுபெற்ற என்னைத்தான் கண்டித்தார்: "மாஸ்டர், நீங்க ஊட்டி விட்டா கை எப்படி வேலை செய்யும்? இன்னும் கொஞ்ச மாசத்துல விரல் மடங்காட்டி அப்படியே இறுகிப் போயிரும். அவங்களுக்குப் பிடிச்ச வேலையா ஒண்ணு குடுங்க."

நுவரெலியாவில் செடிப் பண்ணையொன்றில் வேலை செய்யும் எங்கள் மகள் தமயந்தி, அந்த வாரமே ஒரு சட்டியோடு வந்தாள். புரோமீலியட் (அன்னாசிக் குடும்பத்து அழகுச் செடி). பச்சை இலைகள் வட்டமாக விரிந்து, நடுவிலைகள் குங்குமமாய்ச் சிவந்திருந்தன. இலைகள் கூடுமிடத்தில் ஒரு கிண்ணம் போன்ற குழி.

"அம்மா, தண்ணிய வேருல ஊத்தாதீங்க. இந்தக் குழியில மழைத்தண்ணி கொஞ்சம் இருந்தாப் போதும். வாரத்துக்கு ஒருக்கா சாய்ச்சுக் கொட்டிட்டுப் புதுசா ஊத்துங்க, இல்லாட்டி தேங்குன தண்ணியில நுளம்பு முட்ட வச்சுக் கடிக்க வந்துரும். ஜன்னல் வெளிச்சம் வேணும், சுள்ளுனு வெயில் கூடாது."

செல்லம்மாவின் முகம் மலர்ந்தது. கரண்டியை வலக்கையில் வைத்து இடக்கையால் பிடித்துக்கொண்டு ஊற்றுவாள். பாதி மேசையில் சிந்தும். விரல்கள் மூடவில்லை. ஆயினும் அடைமழை பிடிக்கும் வரை நாள் தவறாமல் அதன் முன் உட்கார்ந்தாள்.

பிழை என்னுடையது. நாள்தோறும் காலையில் சிறு இலிங்கத்துக்குப் பாலபிஷேகம் செய்பவன் நான். அபிஷேகப் பாலைக் கால்படும் இடத்தில் கொட்டலாகாது. வாசல் செம்பருத்தி அடியில் ஊற்றுவதே வழக்கம். ஐப்பசி மழை விடாமல் பெய்தது. வெளியே போகச் சோம்பி, நீர் தாங்கிய அந்தச் செம்முடியைப் பார்த்தேன். இறைவனே சன்னலோரம் வந்திருப்பதாக எண்ணி உருகினேன். பதிகம் பாடியபடி பாலைக் குழியில் விட்டேன். ஒரு நாளல்ல, ஒன்பது நாள். அந்த மழைக்குளிரில் செல்லம்மா கம்பளியை விட்டுச் செடிப் பக்கம் வரவில்லை.

பத்தாம் நாள் நாற்றம் எழுந்தது. சிவந்த இலைகள் கரிந்து குழைந்திருந்தன. செல்லம்மா எட்டி முகர்ந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பாலா ஊத்துனீங்க? இது சாமியாங்க, செடிதானே? புத்தி இருக்கா ஒங்களுக்கு?"

நான்கு மாதத்தில் அவள் முழுதாகச் சொன்ன முதல் வாக்கியங்கள்! திட்டு வாங்கிக்கொண்டே கைகூப்பினேன்.

மகளைத் தொலைபேசியில் அழைத்தோம். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்தது. "அப்பா, அபிஷேகம் பண்ணியே கொன்னுட்டீங்களே! அழுகுன நடு இலைய மெதுவா உருவுங்க. அடியில குட்டிச்செடி முளைச்சிருக்கா பாருங்க."

நான் கை நீட்டினேன். "நீங்க தொடாதீங்க" என்றாள் செல்லம்மா. சினத்தில் எந்தக் கை என்று அவள் யோசிக்கவில்லை. வலக்கை எழுந்தது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்தன. அழுகிய இலை கழன்று வந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. தேயிலைச் செடி நிரையில் நின்று கொழுந்து பறிப்பவளைப் போலப் பறித்துக்கொண்டே போனாள்.

நான் கூவிய கூவலில் அடுத்த வீட்டுப் பார்வதி ஓடி வந்தாள். "என்னங்க மாஸ்டர், யாருக்கு என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல பார்வதி, இந்த மனுசன் செடியக் கொன்னுட்டாரு" என்றாள் செல்லம்மா. அப்போதுதான் தன் விரல்களுக்கிடையே இருந்த இலையைக் கண்டாள். அழுதாள், நானும் அழுதேன்.

அழுகல் நீங்கிய அடியில் இரண்டு பசுங்குட்டிகள் இருந்தன. அவை தாயில் பாதி வளர்ந்த பின்பே பிரிக்க வேண்டுமாம். இன்று காலை மகள் வந்து அளந்து, "இப்ப எடுக்கலாம்" என்றாள். மரப்பட்டைத் துண்டும் கரியும் கலந்த சட்டிகளில் செல்லம்மா வலக்கையாலேயே நட்டாள். விரல் இன்னும் நடுங்குகிறது. மாலையானால் கை கனக்கிறது. எனினும் அது அவளுடைய கை.

தாய்ச்செடி இனிப் பூக்காது. குட்டிகள் சிவக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாமாம். நோய் வந்தபின் நாங்கள் அடுத்த மாத்திரை வேளை வரை மட்டுமே வாழ்ந்தோம். இப்போது எழுபத்திரண்டு வயதில் மூன்றாண்டுத் திட்டம் போடுகிறோம்.

"அதுவரைக்கும் நாம இருக்கணுமே" என்றேன்.

"நீங்க பால் ஊத்தாம இருந்தா எல்லாரும் இருப்போம்" என்றாள்.

இதை வாசிப்போர் அனைவரும் நலம் பெறுக. உங்கள் இல்லத்தில் ஓய்ந்து கிடக்கும் உறுப்பு தன் தொழிலை நினைவு கொள்க. காத்திருக்கும் பொறுமையும், காத்திருந்து காணும் ஆயுளும் இறைவன் அருள்க.