ஒன்பது ‘இல்லை’ உள்ள கடிதம்

என் மனைவி பிறப்பால் சீனப்பெண். எங்கள் வேலணைத் தீவில் இது தெரியாதவர் எவருமில்லை. ஆனால் எங்கள் முகத்துக்கு நேரே எவரும் சொன்னதுமில்லை. “மலாயாக்காரற்றை மகள்” என்றுதான் பேச்சு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் என்னுடையதைவிட அவளுடையதுதான் அசல் தீவுத் தமிழ். கூழுக்குப் புளி காணாது என்று என் தாய்க்கே திருத்தம் சொல்லக்கூடியவள். சீனத்தில் அவளுக்கு ஒரு சொல்லும் தெரியாது. இரண்டு வயதில் விட்டுப்போன பாசை.

அவளை வளர்த்தவர், என் மாமா, மலாயாவில் ரயில்வே கிளாக்கராக இருந்தவர். ஜப்பான்காரன் வந்த காலத்தில் சீனரைத் தேடித் தேடிப் பிடித்தார்களாம். ஒரு பின்னேரம் சீனப்பெண் ஒருத்தி வாசல் கேற்றடிக்கு வந்து, பிள்ளையை மாமியின் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மாமாவுக்கும் மாமிக்கும் பிள்ளை இல்லை. அந்தக் குழந்தையைத் தங்கள் பிள்ளையாகவே வளர்த்தார்கள். மாமி அங்கேயே கண்ணை மூடிவிட, மாமா பென்சனோடும் மகளோடும் ஊருக்குத் திரும்பினார். இந்தக் கதையை வந்தவர் போனவர் எல்லோருக்கும் சொல்லுவார். முடிக்கும்போது, “திரும்பியும் பாக்கேல்லை, அப்பிடியே போனவள்” என்பார். அந்த இடம் வந்ததும் என் மனைவி எழுந்து அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவாள். கலியாணம் முடித்து இரண்டு வருடம் கழித்துத்தான் இதை நான் கவனித்தேன். கவனம் எனக்கு எப்போதும் பிந்தித்தான் வரும்.

அறுபதுகளின் நடுவில் ஒருநாள் மலாயாவிலிருந்து அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. உள்ளே தமிழில் ஒரு துண்டு. எழுதியவர் அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டில் இருந்த தமிழ் அம்மா. “உன்னைப் பெற்றவள் என்னைத் தேடி வந்தாள். இதை உனக்கு அனுப்பச் சொன்னாள். என்ன எழுதியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்குச் சொல்லாதே.” அதனோடு மெல்லிய தாளில், மேலிருந்து கீழாக, சீன எழுத்து இரண்டு பக்கம்.

அவள் அதைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தாள். எனக்கும் எது தலை எது கால் என்று பிடிபடவில்லை.

“யாழ்ப்பாணத்திலை ஒரு சீனன் பல்லுப் புடுங்கிறான். அவனிட்டைக் காட்டுவம்” என்றேன். எனக்கு அது லேசான வழியாகப் பட்டது.

“நல்லாயிருக்கு. பல்லுப் புடுங்கிறவன் வாசிச்சுப்போட்டு அடுத்த பஸ்ஸிலை வாற சனத்துக்கெல்லாம் சொல்லட்டும். எனக்கு எழுதினதை எனக்கு முதல் ஆரும் வாசிக்கக் கூடாது.”

“அப்ப என்ன செய்யப் போறீர்?”

“படிக்கப் போறன்.”

எதை என்று கேட்டேன். சீனத்தை என்றாள். முருங்கைக்காய் வாங்கி வரச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. “இஞ்சேருங்கோ, அவ என்னை வேண்டாம் எண்டு குடுத்தவவோ, இல்லாட்டி வேற வழியில்லாமல் குடுத்தவவோ. எனக்கு அது ஒண்டு தெரிஞ்சால் காணும்.”

அடுத்த சனிக்கிழமை பட்டணத்துக்குப் போனேன். சீனத்துப் புத்தகங்கள் விற்கிற ஒரு சின்னக் கடை அங்கே இருந்தது. புரட்சிப் புத்தகங்களுக்கு நடுவில் சீனம் படிப்பிக்கிற புத்தகமும் ஒன்று கிடந்தது. வாங்கிக்கொண்டு பெரிய வீரனைப்போல் வீட்டுக்கு வந்தேன். திறந்து பார்த்தால் விளக்கம் முழுவதும் இங்கிலீசு.

நான் கணக்கு வாத்தியார். தமிழில் படித்துத் தமிழில் படிப்பிப்பவன். இங்கிலீசுச் சோதனையில் மூன்று தரம் கோட்டை விட்டவன். அவளுக்குத் தெரிந்தது மலாயாவில் கன்னியாஸ்திரிகள் படிப்பித்த இங்கிலீசு. மன்றாட்டும் தையலும் சுகம் விசாரிப்பதும் அதில் நன்றாக வரும். இந்தப் புத்தகத்தில் இருந்ததோ நாக்கை எங்கே வைப்பது, மூச்சை எப்படி விடுவது என்ற சமாசாரம். ஆகவே ஒரு பழைய அகராதியை வைத்துக்கொண்டு இருவருமாக இங்கிலீசைத் தமிழாக்கி, அந்தத் தமிழை வைத்துச் சீனத்தைப் பிடிக்கப் புறப்பட்டோம். அகராதியின் தமிழ் அதற்கு மேல். ஓர் இடத்தில் எடுத்தலோசை, படுத்தலோசை என்று போட்டிருந்தது. அது என்னவென்று பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பண்டிதரிடம் கேட்டேன். “கணக்கு வாத்தியாருக்கு இப்ப இது என்னத்துக்கு?” என்று கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். அவருக்கும் தெரியாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மாமாவுக்குச் சொன்ன பொய், நான் இங்கிலீசுச் சோதனைக்குப் படிக்கிறேன் என்பது. அதில் அரைவாசி உண்மை இருந்தபடியால் எனக்கு மனம் அவ்வளவாக உறுத்தவில்லை. அவருக்குப் புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. ஒவ்வொரு காலையும் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி இங்கிலீசில் ஏதோ கேட்பார். நான் விழிப்பேன். “எட்டு மாதமாப் படிக்கிறீர் தம்பி, ஒரு வசனம் வெளியிலை வரேல்லையே” என்பார். அந்த எட்டு மாதத்தில் எனக்குத் தமிழும் கொஞ்சம் குழம்பிவிட்டது என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

அந்தப் பாசையில் ‘மா’ என்ற ஒரே சத்தத்தை ஒருவிதமாக இழுத்தால் அம்மாவாம், இன்னொரு விதமாக இறக்கி ஏற்றினால் குதிரையாம். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. அவள் அடுப்படியில் நின்று, வியர்க்க வியர்க்க, மா, மா என்று சொல்லிப் பார்ப்பாள். “பிழைச்சால் பெத்த தாயைக் குதிரை எண்டெல்லோ கூப்பிடுவன்” என்று பயந்தாள். ஒருநாள் நானும் சேர்ந்து இழுத்ததில் மாமா முன்வாசலில் இருந்து, “பிள்ளை, மாடு அவிட்டுக்கொண்டு வந்திட்டுதோ, பார்” என்று சத்தம் போட்டார். நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

சிரிப்பு அதோடு சரி. புத்தகத்தை முடித்துவிட்டுக் கடிதத்தை எடுத்தால், படித்த எழுத்து அனேகமாக ஒன்றும் அதில் இல்லை. மற்ற எழுத்துக்கெல்லாம் ஏதோ கைகால் முளைத்த மாதிரி இருந்தது. புத்தகம் சொல்லித் தந்தது சீனத்தில் புதிதாகச் சுருக்கிய எழுத்து என்பதும், மலாயாச் சீனர் பழைய எழுத்தையே எழுதுகிறார்கள் என்பதும் பிற்பாடுதான் எங்களுக்குத் தெரியும். அப்போது என் கணக்குப் புத்தி ஒரு வழி பார்த்தது. தெரிந்த எழுத்தை மட்டும் பென்சிலால் வட்டமிடுவோம் என்றேன். ஆள் என்ற எழுத்து கிடைத்தது. பெரிய என்பது ஒன்று. மற்றதெல்லாம் ஒரே எழுத்து, திரும்பத் திரும்ப வந்தது. புத்தகத்தில் அதற்கு நேரே ‘இல்லை’ என்று இருந்தது. எண்ணிப் பார்த்தேன். ஒன்பது.

எண்ணாமல் விட்டிருக்கலாம். அவள் அந்த ஒன்பது வட்டங்களையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

“இவ்வளவு தரம் இல்லை எண்டு எழுத என்ன இருக்கு? நீ என்ரை பிள்ளை இல்லை. என்னைத் தேடி வர வேண்டியதில்லை. அதுதானே?”

“சும்மா விசர்க்கதை கதையாதையும். உப்பு இல்லை, புளி இல்லை எண்டும் எழுதலாம்.”

“கடல் தாண்டி உப்பில்லை எண்டு எழுதுவினமோ?”

மூன்று நாள் அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. எனக்கு என்மேலேயே எரிச்சல். வட்டம் போட்டவன் நான். நாலாம் நாள் காலை, சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். “வாங்கோ, பல்லுக்காரனிட்டைப் போவம். இனி ஆர் முதல் வாசிச்சால் என்ன.” மாமாவிடம் பல்வலி என்றோம். முகம் வாடிக் கிடந்ததால் அவர் நம்பினார்.

பல் வைத்தியர் ஐம்பது வயது தாண்டிய, மெலிந்த மனிதர். மனைவியின் முகத்தைக் கண்டதும் எழுந்து நின்று சீனத்தில் மளமளவென்று பேசத் தொடங்கினார். அவள் தலையை ஆட்டி, “எனக்கு விளங்காது ஐயா” என்றாள். எங்களைவிட அவர்தான் அதிகம் குழம்பினார் என்று நினைக்கிறேன். அவள் கடிதத்தை நீட்டினாள். நின்றபடியே இரண்டு பக்கத்தையும் வாசித்தார். பிறகு கதிரையில் இருந்து இன்னொரு தரம் வாசித்தார்.

சிக்கல் அதற்குப் பிறகு. அவருடைய தமிழ் முழுவதும் பல்லுத் தமிழ். வாயைத் திற, துப்பு, நோகுதா, பயப்பிடாதே, நாளைக்கு வா, ஞாயிறு பூட்டு. இதற்கு வெளியே அவர் போனதில்லை. இங்கிலீசும் என்னுடைய அளவுதான். மனிதர் நெற்றியைத் தேய்த்தார். கையில் குழந்தையைத் தாலாட்டுவதுபோல் காட்டி, அதை யாரிடமோ கொடுப்பதுபோல் காட்டினார். எங்களுக்குத் தெரிந்த கதைதான். பிறகு, “நாளைக்கு வந்தது. பூட்டு” என்றார்.

“நாளைக்கு வரச் சொல்லுறார். நாளைக்குப் பூட்டாம். இதென்ன கதை?” என்று நான் மனைவியிடம் சினந்தேன்.

அவள் என் கையைப் பிடித்து அமத்தினாள். “பேசாமல் இருங்கோ. அவ வந்திருக்கிறா.”

வைத்தியர் ஓம் ஓம் என்று தலையாட்டினார். “அம்மா குடுத்தது. நாளைக்கு அம்மா வந்தது. பூட்டு.” விரலை நீட்டினார், இரண்டு, மூன்று, நான்கு. “வந்தது, பூட்டு. வந்தது, பூட்டு.”

அவள் மேசைக்குக் குனிந்து பென்சில் வட்டம் ஒன்றைத் தொட்டு, “இது?” என்றாள்.

“ஆள் இல்லை.”

அடுத்த வட்டத்தைத் தொட்டாள்.

“ரயில் போனது. அங்கை இல்லை.”

இப்படியே ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனாள். வீட்டிலை இல்லை. கேட்டது, தெரியாது, இல்லை. ஒன்பதாவதைத் தொட்டபோது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “பிள்ளை இல்லை. வேற பிள்ளை இல்லை” என்றார். பிறகு தன் நெஞ்சில் கையை வைத்து, “நோகுது. கனநாள் நோகுது” என்றார். எங்களிடம் காசு வாங்க மறுத்துவிட்டார்.

பஸ்ஸில் அவள் யன்னலோரம் போய் இருந்தாள். பண்ணைப் பாலம் முழுவதும் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்குத் தலைக்குள் ஒரே குழப்பம். திரும்பியும் பார்க்காமல் போனவள் நாலு தரம் வந்திருக்கிறாள். வீடு பூட்டிக் கிடந்திருக்கிறது. அப்படியென்றால் அந்த வீட்டில் இருந்தவர்கள் எங்கே?

வீட்டில் மாமா சாய்மனைக் கதிரையில் இருந்தார். “பல்லுப் புடுங்கியாச்சோ பிள்ளை?” என்றார். அவள் கடிதத்தை எடுத்துக் கதிரைக் கையில் வைத்தாள். அவருக்கு அதை வாசிக்கத் தெரியாது. ஆனால் அதைப் பார்த்ததும் முகம் இரத்தம் வற்றி வெளிறிவிட்டது.

“அப்பா, அம்மா என்னைத் தந்த பிறகு நாங்கள் எத்தினை நாள் அந்த வீட்டிலை இருந்தனாங்கள்?”

மலாயாவின் ரயில் நிலையங்களை வரிசையாக ஒப்புவிக்கக்கூடிய மனிதர், கடிதத்தின் ஓரத்தை விரலால் நீவினார். “அண்டைக்கு இரவே வெளிக்கிட்டிட்டம்” என்றார்.

“ஜப்பான்காரனுக்குப் பயந்தோ?”

ஓம் என்று சொல்லியிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? நாங்கள் நம்பியிருப்போம். அவர் சொல்லவில்லை. “இல்லைப் பிள்ளை. நாளைக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவள். வருவாள் எண்டு எங்களுக்குத் தெரியும். ஒரு பொழுது வைச்சிருந்ததிலையே, வளத்த கொம்மாவுக்கு உன்னை விட மனம் வரேல்லை. எனக்கும் வரேல்லை.”

என் மனைவி நிலத்தில் இருந்து அழுதாள். வாய்விட்டு அழுதாள். எங்கள் கலியாணத்துக்குப் பிறகு அவள் அப்படி அழுது நான் கண்டதில்லை. எனக்கு மாமாமேல் ஆத்திரம் பொங்கியது. இத்தனை வருடமும் திரும்பியும் பாக்கேல்லை என்று எங்கள் முகத்தைப் பார்த்தே சொன்ன மனிதர். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அந்த இரவு அவர் ரயில் ஏறாமல் விட்டிருந்தால் எனக்கு இவள் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. திட்டவும் ஏலவில்லை, பேசாமல் நிற்கவும் ஏலவில்லை. கிணற்றடிக்குப் போய்ச் சும்மா நின்றேன்.

மறுநாள் காலை அவள் அவருக்கு வழமைபோல் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். கூடவே ஒரு தாளும் பேனையும் கொடுத்தாள்.

“அவவுக்குப் பதில் எழுதவேணும். பக்கத்து வீட்டு அம்மாவின்ரை விலாசத்துக்குப் போடுவம். இங்கிலீசெண்டால் அங்கை ஆரும் சீனரே வாசிச்சு அவவின்ரை பாசையிலை சொல்லுவினம். நீங்கள் எழுதுங்கோ.”

“தம்பி எழுதட்டுமே” என்றார் மாமா. என் இங்கிலீசின் இலட்சணம் அவருக்குத் தெரியும். இருந்தும் சொன்னார்.

“நீங்கள்தான் எழுதவேணும்.”

அவர் பேனையைத் திறந்தார். ஊருக்கே கடிதம் எழுதிக் கொடுக்கிற கை. முத்து முத்தாக, ‘டியர் மடம்’ என்று எழுதிவிட்டு, அடுத்தது என்ன என்று கேட்பதுபோல் மகளைப் பார்த்தார்.

“மடம் இல்லை, அப்பா. அம்மா எண்டு எழுதுங்கோ.”

அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அசையவில்லை. தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. பிறகு அந்தச் சொல்லை வெட்டிவிட்டு மேலே புதிதாக ஒன்றை எழுதினார். நான் அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். அந்த அளவு இங்கிலீசு எனக்கும் வாசிக்கத் தெரிந்திருந்தது.